ஒரு கோச்சின் கலியாண வீடியோ

மஞ்சள் துணி ஒன்று பறந்து வந்து சித்தப்பாவின் காலடியில் விழுந்தது.

அமெரிக்கன் புட்போலில் ரெஃபரி மஞ்சள் துணியை எறிந்தால், யாரோ விதியை மீறிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆட்டம் நிற்கும். சனம் கத்தும். குற்றவாளி தலையைக் குனிவான். சித்தப்பாவும் குனிந்தார், துணியை எடுக்க. மண்ணைத் தட்டி, நாலாய் மடித்து, ரெஃபரியின் கையில் பவ்வியமாய் வைத்தார்.

“சேர், உங்கட கைலேஞ்சி விழுந்திட்டுது.”

ரெஃபரி வெள்ளைக்காரர். தன் கையில் அழகாய் மடித்து வைக்கப்பட்டிருந்த தண்டனையைப் பார்த்தபடி நின்றார்.

அதற்குள் சித்தப்பா தோளில் கமராவோடு ஜோர்டனிடம் போய்விட்டார். எங்கள் அணியில் பந்தை எறிகிற ஆள் அவன்தான்.

“தம்பி, இப்ப ஓடினீங்களெல்லோ, அதை இன்னொருக்கா ஓடுங்கோ. இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு ஓடுங்கோ. உந்த ஹெல்மட்டைக் கழட்டினால் முகம் தெரியும்.”

ஜோர்டன் வேல்ஸ்காரன். தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் சித்தப்பாவின் கை அசைவு உலகத்துக்கே விளங்கும். அவன் ஓடத் தொடங்கின இடத்துக்குத் திரும்பி நடந்தான். அதுகூடப் பரவாயில்லை. அவனை விழுத்தின எதிரணிக்காரர் இரண்டு பேரும் எழும்பி, தங்கள் பழைய இடத்தில் போய் நின்றார்கள். பெரிய கமராவைக் கண்டால் எல்லா மனிதரும் கலியாண வீட்டுக்காரர்தான்.

ரெஃபரிக்கு ஒருவழியாய் உயிர் வந்தது. விசில் ஊதினார். வெளியாள் உள்ளே வந்த குற்றத்துக்காக எங்கள் அணி பதினைந்து யார்ட் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான். நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். இனி ஒரே வழி, பந்தை உதைத்துத் தூரத்தில் நிற்கிற இரண்டு கம்பங்களுக்கு நடுவால் அனுப்புவது; அதற்கு மூன்று புள்ளி. உதைக்க வேண்டிய ஆள் நான்.

கோட்டுக்கு வெளியே எங்கள் கோச் ஹாங்க் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போவதா இல்லையா என்பது சித்தப்பாவின் கமராவுக்குள் இருந்தது. சித்தப்பாவோ ஜோர்டனின் ஹெல்மட்டைச் சேட்டு நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் மட்டும்

போன வாரம், நான் லண்டனில் யுனிவர்சிட்டி படிக்கையில் இந்த அணிக்குக் கிக்கராய்ச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு அம்மா போன் எடுத்தா.

“எடி, நான் சண்டை பிடிச்சதெல்லாம் எழுதியிருக்கிறாய். கடைசியிலை நான்தானே பூட்ஸ் வாங்கித் தந்தனான், அதை ஏன் எழுதேல்லை?”

எழுதியாச்சு அம்மா. சந்தோசமா?

புதிதாய் வந்தவர்களுக்கு ஒரு வரி: கிக்கர் என்பவர் உதைக்க மட்டும் உள்ளே போகிற ஆள். மற்ற நேரமெல்லாம் கோட்டைப் போர்த்திக்கொண்டு ரோல்ஸ் தின்னலாம். எனக்கென்றே கண்டுபிடித்த வேலை.

இந்த வாரம் கோச். அவர் பேசினது முழுக்க இங்கிலீசு, அதுவும் அமெரிக்க நாட்டுப்புற இங்கிலீசு. இந்தத் தொடரில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார். எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான். அவரும் சகித்துக்கொள்ள வேண்டும்.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றுக்குத் தொப்பி போட்டால் கோச் ஹாங்க். அமெரிக்காவில் பெரிய அணிகளில் சம்பளத்துக்கு விளையாடினவர். அப்படி ஒருவர் எங்களை மாதிரி ஒரு யுனி அணிக்கு வருகிறார் என்றதும் நாங்கள் இன்டர்நெட் முழுக்கத் தேடினோம். வீடியோக்கள் கிடைத்தன. நிறையக் கிடைத்தன. எல்லாவற்றிலும் இருந்தது ஒரே காட்சி: குனிந்து நிற்கிற ஒரு மனிதனின் பின்பக்கம்.

அவர் லோங் ஸ்னாப்பர். அப்படியென்றால், உதைக்கிற நேரம் வந்ததும் உள்ளே ஓடி, பந்தின் மேல் குனிந்து, தன் இரண்டு கால்களுக்கும் நடுவால் பின்னுக்கு எறிகிற ஆள். ஒரு பஸ் நீளம் தள்ளி நிற்கிறவனின் கைக்குப் பந்து சரியாய்ப் போக வேண்டும். பார்ப்பதும் கால்களுக்கு நடுவால்தான், தலைகீழாய். எறிந்தவுடன் முன்னால் நிற்கிற மலை மாதிரி ஆட்கள் மேலே வந்து விழுவார்கள். எழும்பி, புல்லைத் துப்பிவிட்டு வெளியே போய்விட வேண்டும். வேலை அவ்வளவுதான். அதையே வருசக்கணக்காய்ச் செய்தார்.

“சரியா எறிஞ்சா ஒருத்தருக்கும் என்ரை பேர் தெரியாது, டார்ஷ்,” என்று ஒருமுறை சொன்னார். என் பெயர் தர்ஷி. அவர் வாயில் அது டார்ஷ். “பேர் தெரியாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம்.”

ஒரேயொரு நாள் பந்து ஈரத்தில் வழுக்கி, உதைக்கிறவனின் தலைக்கு மேலால் போய்விட்டது. அன்றைக்கு மட்டும் டிவியில் அவர் பெயரைச் சொன்னார்கள். பிழையாய்ச் சொன்னார்கள். அந்தக் காட்சியை மெதுவாய் ஓட்டித் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்போதும் காட்டினது பின்பக்கத்தைத்தான். அடுத்த வாரமே அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

பிறகு சின்னச் சின்னக் கல்லூரிகளில் உதவிக் கோச். ஒவ்வொரு வருசமும் வேறு ஊர், வேறு தொப்பி. கலியாணம் அந்த ஓட்டத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது. எங்கும் வேலை கிடைக்காத ஒரு வருசத்தில் லண்டன் வந்து சேர்ந்தார்.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு அறை எடுத்திருந்தார். பக்கத்துக் கொத்துரொட்டிக் கடைதான் அவருடைய சமையலறை. கடைக்காரப் பெடியள் அவரை மல்யுத்தக்காரர் என்று முடிவுகட்டி, தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். கோச் மறுக்கவில்லை. முஷ்டியை மடக்கிக்கூடக் காட்டினார். “நான் உண்மையிலை செய்ததை அவங்களுக்கு எப்பிடிக் காட்டுறது? கடைக்குள்ளை குனியேலாதே,” என்றார்.

அவருக்கு ரூத் என்று ஒரு மகள். பத்து வயது இருக்கும். தாயோடு ஓஹையோவில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் கோச் தன் போனை யாருடையவோ பூட்ஸில் சாய்த்து வைப்பார். அந்தப் பக்கம் அவள் பள்ளிக்கூடக் கணக்குச் செய்வாள். இவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். உடுப்பு மாற்றுகிற அறையே அந்த நேரம் சத்தம் போடாது. எங்கள் பெடியளுக்கு அது பெரிய விசயம்.

அந்த வசந்தத்தில், மகள் இருந்த ஊரிலேயே ஒரு சின்னக் கல்லூரியில் உதவிக் கோச் வேலை காலியானது.

மெயின் ஆள் ஆர்?

அந்த விளையாட்டில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. வீடியோ கேட்பார்கள். நீ நடத்தின ஒரு முழு மட்ச், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. ஓஹையோக்காரரும் அதைத்தான் கேட்டார்கள். திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் அந்த வருசம் விளையாடின எல்லா மட்சும் தோற்றிருந்தோம். சாதாரணத் தோல்வி இல்லை. ஒரு முறை எதிரணி பாவம் பார்த்துத் தங்கள் தண்ணீர்ப் போத்தல்காரனை உள்ளே இறக்கினது. மிச்சம் இருந்தது சனிக்கிழமையின் கடைசி மட்ச். எதிரில் வரப்போகிறவர்கள் எங்களைப் போலவே எல்லாவற்றையும் தோற்றவர்கள். கோச்சுக்கு இருந்த ஒரே சந்தர்ப்பம் அது.

வழக்கமாய் ஏணியில் ஏறி வீடியோ எடுக்கிற பெடியன் அந்த வாரம் காதலியோடு ஸ்பெயின் போய்விட்டான்.

“எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார்,” என்றேன்.

சித்தப்பாவின் ஸ்டூடியோ நோர்பரியில், ஒரு நகைக்கடைக்கு மேலே. தென் லண்டனில் கலியாணமோ, பெண் வயதுக்கு வந்த சாமத்தியவீடோ, அவர் வந்து விளக்குப் போட்டால்தான் தொடங்கும். ஐயரே அவரைப் பார்த்துத்தான் தாலியை எடுத்துக் கொடுப்பார். கமரா மூன்று, ட்ரோன் ஒன்று, உதவிக்கு இரண்டு பேர்.

கோச் ஒரு தாளில் படம் கீறி விளக்கினார். உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். அகலமாய் எடுக்க வேண்டும். இருபத்திரண்டு பேரும் எந்நேரமும் படச் சட்டத்துக்குள் நிற்க வேண்டும். ஒருவரையும் கிட்டக் காட்டக் கூடாது. நான் மொழிபெயர்த்தேன். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்றார். பல் வைத்தியரிடம் “ஓம், ரெண்டு நேரமும் பல்லுத் தீட்டுறனான்” என்று சொல்வோமே, அந்த ஓம்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பிள்ளை, உந்தாள் சொல்லுறது வீடியோ இல்லை. அது பாதுகாப்புக் கமரா. முகம் இல்லாட்டி ஆர் பார்ப்பினம்? ஒரு கலியாணத்திலை மாப்பிள்ளையின்ரை மாமி சாப்பிட்டதை நான் எடுக்கேல்லை. அந்த ரெண்டு குடும்பமும் இண்டைக்கும் கதைபேச்சில்லை.”

“சித்தப்பா, இங்கை மாமிமார் இல்லை. இது மட்ச்.”

“எல்லாம் ஒண்டுதான். சரி, இதிலை மெயின் ஆள் ஆர்?”

“மெயின் ஆளெண்டா... கோச்தான். அவருக்கு வேலை எடுக்கத்தானே இது.”

“அப்ப மாப்பிள்ளை அவர்.” சித்தப்பா திரும்பிக் கோச்சை உச்சி முதல் பாதம் வரை அளந்தார். “கறுப்புச் சேட்டுப் போட வேண்டாமெண்டு சொல்லு. பின்னாலை மரம் எல்லாம் கடும் பச்சை, எடுபடாது.”

நான் சொன்னது நூறு வீதம் சரியான பதில். இன்றைக்கும் அதில் நான் நிற்கிறேன்.

புகை

சனிக்கிழமை காலையில் முதலில் அவுட்டோர் படப்பிடிப்பு. மைதானத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மரத்தில் கோச் சாய்ந்து நின்றார். கையில் பந்து. பார்வை தூரத்தில்.

“அங்கை ஆரோ வருகினம் எண்டு நினைச்சுப் பாருங்கோ, தம்பி. பார்த்திட்டு மெல்லமாச் சிரியுங்கோ.”

நான் மொழிபெயர்த்தேன். கோச் தூரத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தார். பிறகு வாயை அசைக்காமல் கேட்டார், “டார்ஷ், இது எதுக்கு?”

“தொடக்கத்துக்கு, கோச்.”

“உங்கட நாட்டிலை எல்லா மட்சும் இப்பிடியோ?”

எந்த நாட்டைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் அணி மைதானத்துக்குள் ஓடி வரும்போது புகை மெசின் போட்டார்கள். அது மணமக்கள் நடனத்துக்கு என்று வாங்கினது, மண்டபத்துக்குள் கணுக்கால் அளவுக்கு வரும். வெளியே காற்றோடு சேர்ந்து அது தலைக்கு மேலால் போனது. நாங்கள் இருமிக்கொண்டு வெளிப்பட்டோம். எங்களில் பெரிய பெடியன் ஒருத்தன் வழி தெரியாமல் எதிரணிப் பக்கம் போய், அவர்கள் வட்டமாய் நின்று செய்த பிரார்த்தனையில் கலந்துகொண்டு, கை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

வீடியோ என்று கேள்விப்பட்டதால் அம்மா பட்டுச்சேலையில் வந்திருந்தா. ஒரு பெரிய தட்டில் அவவே பொரித்த இறைச்சி ரோல்ஸ். பார்க்க வந்தவர்கள் முப்பது பேர்கூட இருக்காது. இரண்டாவது கமரா அவர்கள் ஒவ்வொருவரும் ரோல்ஸ் கடிப்பதை எடுத்தது. ஒருவர் “நான் வெஜிடேரியன்” என்று கையைக் காட்டினதையும் எடுத்தது.

மூன்றாவது கமரா ட்ரோனில். அது தொடக்கத்திலேயே வாத்துகள் நிற்கிற குளத்துப் பக்கம் போய்விட்டது. அங்கே வெளிச்சம் நல்லதாம்.

முதலாவது கமரா சித்தப்பாவின் தோளில். அது கோச்சை விட்டு அசையவில்லை. கோச் நடந்தால் நடந்தது. கோச் பதுங்கினால் பதுங்கினது. கடைசியில்தான் ஒரேயொரு தடவை, ஜோர்டனின் ஓட்டம் மனதுக்குப் பிடித்துப்போய், சித்தப்பா கோட்டைத் தாண்டி உள்ளே போனார். மஞ்சள் துணி வந்தது.

கால்களுக்கு நடுவே

சித்தப்பாவை வெளியே இழுத்து விட்டார்கள். அவர் புண்ணியத்தால் என் உதை பதினைந்து யார்ட் நீண்டுவிட்டது. அந்தத் தூரத்திலிருந்து நான் பயிற்சியில்கூடச் சரியாய் உதைத்ததில்லை.

உள்ளே போகும் முன் கோச்சின் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். “குளிருதோ?” என்றார். “இல்லை” என்றேன். “அப்ப சரி” என்றார்.

நான் என் இடத்தில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். கோச் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். பார்க்கப் பயமாக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் மெதுவாய்க் குனிந்தது. தொப்பி விழுந்தது. இரண்டு கால்களுக்கும் நடுவால், தலைகீழாய், கோச் என்னைப் பார்த்தார்.

அவருக்கு ஒரு உதையை வேறு விதமாய்ப் பார்க்கத் தெரியாது.

பந்து வந்தது. உதைத்தேன். அது வலது கம்பத்தில் அடித்து, யோசித்து, உள்ளே விழுந்தது.

வென்றோம். என்னைத் தூக்கினார்கள், போட்டார்கள், திரும்பத் தூக்கினார்கள். நான் சேறோடு சித்தப்பாவிடம் ஓடினேன். அவர் புல்லில் குப்புறப் படுத்திருந்தார். கமரா கோச்சின் கால்களுக்குக் கிட்ட, நிலத்தோடு இருந்தது.

“சித்தப்பா! எடுத்தனீங்களோ?”

“எதை?”

“நான் உதைச்சதை!”

“நீ உதைச்சனியோ? எப்ப?”

பிள்ளையார் முதலில்

கலியாண வீடியோ கைக்கு வரும்போது பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள் வந்துவிடும் என்பது லண்டனில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு ஒரு நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையே நான் போய் ஸ்டூடியோ வாசலில் குந்திவிட்டேன். மத்தியானம் கோச் வந்தார். சித்தப்பா வீடியோவைப் போட்டார்.

முதலில் பிள்ளையார். பிறகு ரோசாப்பூக்கள் சுழன்று விலக, பொன்னெழுத்தில் கோச்சின் பெயர். பிறகு மரம், பந்து, தூரத்துப் பார்வை. நாதஸ்வரம்.

நான் கதிரைக்குள் தாழ்ந்தேன்.

கோச் ஒரு பெடியனின் பூட்ஸ் நாடாவைக் கட்டிவிடுகிறார். இன்னொருவனின் மூக்கு ரத்தத்தைத் தன் சேட்டுக் கையால் துடைக்கிறார். நல்ல பந்து ஒன்றைத் தவறவிட்டு அழுதுகொண்டு வருகிறவனின் ஹெல்மட்டுக்குள் ஏதோ சொல்கிறார், அவன் அழுகையும் சிரிப்புமாய்ப் போகிறான். ரோல்ஸ். வாத்து. திரும்பவும் கோச். எங்கேயும் பந்து இல்லை. ஒரு முழு மட்சில் பந்து ஒரு தரம்கூட வரவில்லை.

கடைசியில் அவர் குனிந்தார். சித்தப்பா அந்த இடத்தை மெதுவாய் ஓடவிட்டிருந்தார். திரை முழுக்கத் தலைகீழாய் ஒரு பெரிய சிவந்த முகம். கண் இமைக்கவில்லை. நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மூக்கு நுனியைத் தொடப் பார்க்கிற மாதிரி.

“நிப்பாட்டுங்கோ,” என்றார் கோச்.

சித்தப்பா நிறுத்தினார். கோச் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார்.

“நான் நாக்கை நீட்டுறனானோ?”

திரையில் அந்த நாக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இத்தனை வருசமும் இப்பிடியோ நிண்டனான்? என்ரை அம்மா வீட்டிலை பெட்டி பெட்டியா வீடியோ வச்சிருக்கிறா. எல்லாத்திலையும் என்ரை பின்பக்கம். இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.” பிறகு மிக மெதுவாய்ச் சொன்னார், “ரூத்தும் கணக்குச் செய்யேக்கை இப்பிடித்தான்.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். “என்னவாம்? பிடிக்கேல்லையோ?”

“பிடிச்சிருக்காம்.”

“பின்னே,” என்றார் சித்தப்பா.

நான் விடவில்லை. “கோச், இதை அனுப்பேலாது. இதிலை புட்போலே இல்லை. சிரிப்பினம். உங்களுக்கு அந்த வேலை வேணுமெல்லோ?”

“வேணும்,” என்றார். “வேற வீடியோ இருக்கோ?”

இல்லை. அனுப்பினார். பிள்ளையார் உட்பட.

ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு அங்கிருந்து தலைமைக் கோச் வீடியோ அழைப்பில் வந்தார். கோச் பிறகு எங்களுக்கு அதை நடித்துக் காட்டினார். அந்த மனிதர் முகத்தில் சிரிப்பே இல்லையாம். “எங்களுக்கு வருகிற எல்லா வீடியோவிலும் ஆட்கள் எறும்பு மாதிரி ஓடுவார்கள். கோச் எப்படிப்பட்டவர் என்று ஒன்றிலும் தெரியாது. உன்னுடையதில் உன்னைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு தரம் பார்த்தோம்.” பிறகு கேட்டாராம், “அந்தப் பெடியனின் ஹெல்மட்டுக்குள் என்ன சொன்னாய்?”

“தலைக்கு மேலாலை போன என்ரை பந்தைப் பற்றிச் சொன்னனான்,” என்றாராம் கோச்.

கடைசியாக இன்னொரு கேள்வியும் கேட்டார்களாம், தட்டில் இருந்தது என்ன பலகாரம் என்று. அம்மா இதை இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்லுகிறா. அவவுடைய கணக்கில் வேலை கிடைத்தது ரோல்ஸால்.

சூம்

இலை உதிரத் தொடங்கின ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஓஹையோவில் கோச்சின் முதல் மட்ச். அந்தக் கல்லூரி அதை இன்டர்நெட்டில் காட்டினது. நோர்பரியில் சித்தப்பா வீட்டு டிவியில் போட்டோம்.

உயரத்திலிருந்து, அகலமாய், இருபத்திரண்டு பேரும் சட்டத்துக்குள்.

“இதென்ன கோதாரி,” என்றார் சித்தப்பா. “எறும்புப் புத்தை எடுக்கிறாங்கள்.”

“இதுதான் சரியான முறை, சித்தப்பா. உங்களிட்டைக் கேட்டதும் இதைத்தான்.”

“முகத்தைக் காட்டுங்கோடா!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினார்.

“ஆள் மெலிஞ்சுபோனாரோ தெரியாது,” என்று அம்மா கவலைப்பட்டா. மெலிந்தாரா என்று பார்க்க ஆளே தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் எறும்புகள் ஓடின. சித்தப்பா கொட்டாவி விட்டார்.

பிறகு உதைக்கிற நேரம் வந்தது. எல்லோரும் வரிசையாய் நின்றார்கள். திரையின் அடியில், கோட்டுக்கு வெளியே, ஒரு நீள வரிசை மனிதர்கள் மைதானத்தைப் பார்த்து நின்றார்கள். அதில் ஒரு பெரிய புள்ளி மட்டும் மறுபக்கம் திரும்பினது. மெதுவாய்க் குனிந்தது.

“அங்கை! அங்கை நிக்கிறார்!” அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டா.

அவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியும் நின்றது. அதுவும் திரும்பினது. அதுவும் குனிந்தது. குதிரைவால் முடி கவிழ்ந்து புல்லைத் தொட்டது.

பந்து போனதா இல்லையா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. சித்தப்பா டிவிக்குக் கிட்டப் போய், திரையில் இரண்டு விரலை வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் பெருப்பிக்கப் பார்த்தார். டிவி அசையவில்லை.

“நாக்குத் தெரியுதோ, சித்தப்பா?”

“தெரியேல்லை.” விரலை எடுக்காமலே சொன்னார், “ஆனா ரெண்டு பேரும் நீட்டிக்கொண்டுதான் நிப்பினம்.”